எங்கள் தெருவும் ஒரு கடைமடை

கணக்கில்லாமல் செலவு செய்பவனைப் பார்த்து, "பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான்" என்று சொல்வது நம் வழக்கம். இந்தச் சொல்லை முதலில் சொன்னவர் நாகப்பட்டினத்தில் குடியிருந்தவராக இருக்க முடியாது என்பது எங்கள் கருத்து. ஆற்றின் தலைப்பில், இரு கரையும் தொட்டு ஓடும் வெள்ளத்தைப் பார்த்து வளர்ந்த எவரோ சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் பலர் பணம் கொடுத்துத்தான் தண்ணீரைக் குடிக்கிறார்கள். இருபது லிட்டர் கேன் ஒன்றை வாங்கி, அடியில் ஒரு குவளை மிஞ்சினால் அதையும் உலை வைக்க எடுத்துக்கொள்ளும் வீடுகளிலிருந்துதான் எங்களில் பலர் பள்ளிக்கு வருகிறோம்.

ஆண்டு மலருக்கு நீரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியை சொன்னபோது பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அதை எளிய வேலை என்றே எண்ணினோம். வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார், குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்காதீர், மரம் நடுவீர். இப்படி எழுதினால் இரண்டு பக்கம் நிரம்பிவிடும். இதே கட்டுரையை ஆறாம் வகுப்பிலிருந்து தேர்வுதோறும் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் எழுத உட்கார்ந்த அன்று காலை எங்கள் தோழி ஒருத்தி மீண்டும் தாமதமாக வந்தாள். பேச்சு அங்கே திரும்பியது.

காலை வழிபாட்டு மணி அடித்த பின் வாயிற்கதவருகே நிற்கும் வரிசையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பதிவேட்டில் பெயர், வகுப்பு, காரணம் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே உள்ளே வரலாம். எங்கள் தோழி அன்று காரணக் கட்டத்தில் எழுதியது, "தூங்கிவிட்டேன்." அவள் எழுந்ததோ நாலரை மணிக்கு! அவள் தெருவில் குழாய் வரும் நேரம் ஒரு நாள் ஐந்து மணி, ஒரு நாள் ஏழு மணி, ஒரு நாள் எட்டரை. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நகர்ந்தால் முறை போய்விடும். அம்மா மீன் ஏலத்துக்குப் போய்விடுவார். பாட்டிக்கு முழங்கால் வலி. அண்ணன் இருக்கிறான், ஆனால் குடம் எடுத்து இடுப்பில் வைப்பது ஆண்பிள்ளை வேலை இல்லையாம். (அவனுடைய பள்ளியில் தாமதப் பதிவேடு இருந்தாலும் அவன் பெயர் அதில் ஏறாது.) "தண்ணீர் பிடித்தேன் என்று எழுதியிருக்கலாமே?" என்று கேட்டோம். "அதை எழுத வெட்கமாயிருக்கிறது" என்றாள்.

தூங்கியதாகப் பொய் எழுதுவது தண்ணீர் பிடித்ததாக உண்மை எழுதுவதைவிட மானமுள்ளது என்று ஒரு பெண் எண்ணும்படி ஆகிவிட்டதே! எங்கள் கட்டுரை அங்கிருந்துதான் பிறந்தது.

நம் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வகுப்பில் பாதிப்பேர் "டாங்கியிலிருந்து" என்றார்கள். டாங்கிக்கு எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி கொள்ளிடத்து மணலிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்கள் வழியாகவும், ஒரு பகுதி திருவாரூர்ப் பக்கத்து ஓடாச்சேரியிலிருந்தும் வருகிறது. கடற்கரை ஊராகையால் நம் காலடித் தண்ணீரை நம்பி ஒரு நகரமே குடிக்க முடியாது. ஆகவே உள்நாட்டிலிருந்து இறைத்து அனுப்புகிறார்கள். இதே காவிரியை நம்பியிருப்பவர்கள் நாம் மட்டுமல்ல. 1974 முதல் பெங்களூர் குடிக்கிறது. கொள்ளிடத்து நீர் நிரப்பும் வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் சென்னை குடிக்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ஏற்றிக்கொண்டு ரயில் போனதே, அதுவும் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாயில் வந்த காவிரி நீர்தான். இத்தனை பேருக்கும் வயல்களுக்கும் போக மிஞ்சுவது கடைசியில் இருக்கும் நமக்கு.

கடைசி என்றால் என்ன என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்பட்டது என்று செய்தி வரும். மலர் தூவும் படமும் வரும். கல்லணை தாண்டி, கிளையாறுகள் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி நம் கடைமடைக்கு அந்தத் தண்ணீர் வந்து சேரும் நாளில் எந்தப் படமும் வராது. அது வராமலே போன ஆண்டுகளும் உண்டு. 2018 இல் மேட்டூர் நிரம்பி வழிந்தது; முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் ஆகஸ்ட் 22 அன்று அடித்துச் செல்லப்பட்டன; வெள்ளம் கொள்ளிடத்தின் வழியே கடலுக்கு ஓடியது. அதே பருவத்தில், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று கடைமடை உழவர்கள் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே இருப்பவன் மதகை அடைக்காமல் வைத்திருந்தால் கீழே இருப்பவன் காயவேண்டியதுதான். ஆகவே நம் தாத்தாக்கள் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு போய் வாய்க்காலைத் தூர் வாரினார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். அதற்கு 1858 இல் ஒரு சட்டமே வந்தது. 2017 இல் தமிழக அரசு அந்தப் பெயரை மீண்டும் எடுத்துத் திட்டம் தொடங்கியது.

ஆற்றில் நமக்கு நேரும் அநீதி நன்றாகத் தெரிகிறது. தெருவில் நாம் செய்யும் அநீதி மட்டும் ஏன் தெரியவில்லை?

குடிநீர்க் குழாயில் நேரே மோட்டாரை இணைத்து உறிஞ்சுவதைத்தான் சொல்கிறோம். தெரு முனையில் இருக்கும் மாடி வீட்டில் அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஓடத் தொடங்கினால் தெருக்கோடியில் குழாய் இருமத் தொடங்கும். முதலில் காற்று, பிறகு நூல் போல ஒரு தாரை, பிறகு அதுவும் நின்றுவிடும். கோடி வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? குழாய் உயரத்தில் இருந்தால் அழுத்தம் போதாது என்று தரையில் குழி வெட்டிக் குழாயைத் தாழ்த்துவார்கள். அந்தக் குழியில் சிந்திய நீரும் சேறும் தேங்கும். மோட்டார் உறிஞ்சும் வேகத்தில் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும்போது, குழியில் நிற்கும் அழுக்கு நீரும், விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடையும் உள்ளே இழுக்கப்படும். இயற்பியல் பாடத்தில் நாங்கள் படித்த அழுத்த வேறுபாடுதான் இது. தேர்வுக்கு எழுதினோம், தெருவில் பார்க்கவில்லை. மோட்டார் போட்ட வீட்டுக்குத் தண்ணீர் நிறையக் கிடைக்கிறது. மஞ்சட்காமாலையும் வாந்திபேதியும் கூடவே கிடைக்கலாம். அது எந்த வீடு என்று பார்த்து வருவதில்லை.

ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எழுதும் எங்களில் இருவர் வீட்டில் அந்த மோட்டார் இருந்தது. ஒருத்தி தன் அப்பாவிடம் கேட்டாள். "எல்லாரும் போடுகிறார்கள். நாம் மட்டும் கழற்றிவிட்டால் தெருக்கோடிக்குத் தண்ணீர் போய்விடுமா? அடுத்த வீட்டுக்காரன்தான் இன்னும் கொஞ்சம் உறிஞ்சுவான்" என்றார் அப்பா. அவர் சொன்னது தவறு என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஒருவர் மட்டும் நல்லவராக இருந்தால் அவருக்குத்தான் நட்டம். அதனால்தான் இதை மனச்சாட்சிக்கு விட்டுவிட முடியாது என்கிறோம். முறைப் பாசனத்தில் யாருடைய மனச்சாட்சியையும் யாரும் கேட்கவில்லை. ஊர் கூடி முறை வைத்தது, மீறினால் கேள்வி கேட்டது. தெருவும் அப்படிக் கூட வேண்டும். வழி இல்லாமலும் இல்லை. வீட்டு வாசலில் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு தொட்டி கட்டினால் குழாய் நீர் தானாகவே அதில் இறங்கும். பிறகு அந்தத் தொட்டியிலிருந்து மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. எங்கள் தோழியின் அப்பா, பேச்சில் வென்றுவிட்டாலும், இரண்டு மாதம் கழித்துத் தொட்டி கட்டினார். மற்றவள் வீட்டில் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

குழாய் வராவிட்டால் ஆழ்குழாய் போட்டுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கடல் நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே கடலோர மணலுக்கடியில் மழைநீர் உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அது கீழே நாற்பதடி ஆழம்வரை உப்பை அழுத்தி வைத்திருக்கும். மேலே ஓரடி இறைத்துவிட்டால் கீழே உப்பு நாற்பதடி ஏறிவிடும்! பேடன் கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் நூறாண்டுக்கு முன்பே தனித்தனியே இதைக் கண்டு சொன்னார்கள். முதலாமவர் டச்சுப் படையின் பொறியாளர். நம் ஊரை 1658 முதல் 1781 வரை வைத்திருந்த டச்சுக்காரர்களின் நாட்டவர் என்பதால் அவரிடம் எங்களுக்கு ஒரு தனி உரிமை! ஆனால் கணக்குத் தெரியாத நம் மீனவத் தாய்மார்கள் இதை அறிந்தே வைத்திருந்தார்கள். மணல்மேட்டில் கையால் ஆழமில்லாத ஊற்றுப் பறித்து, ஊறிய அளவு மட்டும் கொட்டாங்கச்சியால் மொண்டு எடுத்தார்கள். மோட்டாருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்து நம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது எங்களில் யாரும் பிறக்கவில்லை. அந்த நாளைப் பற்றி வீட்டில் அதிகம் பேச மாட்டார்கள். கிணறு உப்பாகிப்போனதை மட்டும் பேசுவார்கள். கிழக்கிலங்கையில் அப்படி உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்க எண்ணி மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில் அடியிலிருந்து மேலும் உப்பே ஏறியது. பின்னால் பெய்த மழைதான் மெல்ல மெல்ல உப்பைக் கழுவி இறக்கியது.

அந்த மழை நமக்குக் குறைவா? ஆண்டுக்கு ஏறத்தாழ 1300 மில்லிமீட்டர் பெய்கிறது. பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். ஐம்பது சதுர மீட்டர் உள்ள ஒரு சிறிய ஒட்டு வீட்டின் மேல் ஆண்டில் 65,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று தள்ளினாலும் 52,000 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடத்தால் கிட்டத்தட்ட 3,400 குடம். நாளைக்குப் பத்துக் குடம் என்றால் பதினோரு மாதத்துக்கு வரும். அவ்வளவையும் பிடித்து வைக்க எந்த வீட்டிலும் தொட்டி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் மண்ணுக்குள் இறக்கிவிட்டால் அது உப்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும், கிணறு இனிக்கும். இதற்காகத்தான் 2003 இல் தமிழ்நாட்டின் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கியது. அப்போது ஊரெங்கும் குழி வெட்டினார்கள். இன்று எத்தனை குழிகள் உயிரோடு இருக்கின்றன என்று உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். எங்கள் வீடுகளில் பார்த்தோம். ஒன்றின் மேல் சிமெண்டுத் தளம், ஒன்றில் துளசிமாடம், ஒன்றில் குழாய் இருக்கிறது, ஆனால் அது இறங்குவது சாக்கடையில். ஒரே ஒரு வீட்டில் மட்டும் கூழாங்கல்லும் மணலும் மாற்றி ஒழுங்காக வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்!

மழை தங்குவதற்கு இன்னொரு இடமும் நம் முன்னோர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீலாயதாட்சி அம்மன் கோயிலுக்குக் குளம் உண்டு; நாகூர் தர்காவுக்குக் குளம் உண்டு; வேளாங்கண்ணியில், பால் கொண்டுபோன சிறுவனுக்கு அன்னை காட்சி தந்ததாக நம்பப்படும் இடத்தில் மாதா குளம் உண்டு. மூன்று சமயத்தாரும் தம் வழிபாட்டை நீரோடு சேர்த்தே வைத்தார்கள். அந்தந்தத் திருவிழாவுக்கு அந்தந்தக் குளத்தைத் துப்புரவு செய்வோம். பெயரில்லாத, சாமியில்லாத தெருக்குளங்களைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதலில் ஆகாயத்தாமரை, பிறகு குப்பை, பிறகு ஒரு பெட்டிக்கடை, பிறகு ஒரு வீடு. ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு எங்கள் அக்காமார் தொலைவான கிராமங்களுக்குப் போய் வருகிறார்கள். பள்ளிக்கு நடந்துபோகும் தொலைவிலேயே ஒரு குளம் இருக்கும்போது அடுத்த முகாமை அங்கே வைத்தால் என்ன? பேருந்துச் செலவும் மிச்சம்.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் 2018 இல் வறட்சியில் சிக்கி, பிப்ரவரி முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தது. அதுவும் தவறிக் குழாய்களை மூடும் நாள் வந்துவிட்டால், ஆளுக்கு 25 லிட்டர் என்று வரிசையில் நின்று வாங்க வேண்டியிருக்கும் என்று அறிவித்தார்கள். உலகமே பரிதாபப்பட்டது. நகரத்தார் சிக்கனமாக இருந்தார்கள், மழையும் வந்தது, அந்த நாள் வராமலே தப்பியது. நாங்கள் எங்கள் தோழி வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஐந்து பேர், பத்துக் குடம், ஆளுக்கு முப்பது லிட்டர். கேப்டவுன்காரர்கள் அஞ்சி நடுங்கிய அந்த நாள் எங்கள் தோழிக்குச் சாதாரண செவ்வாய்க்கிழமை! பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது நம் நாட்டு அரசின் அளவுகோல். ஆகவே "தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள்" என்று எல்லாரிடமும் ஒரே குரலில் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. முப்பது லிட்டரில் சிக்கனம் செய்ய என்ன இருக்கிறது? மேல்தொட்டி நிரம்பி வழிந்து வாசல் நனையும் வீட்டுக்கு வேண்டிய அறிவுரை அது.

அறிவுரை சொல்லுமுன் பள்ளியைப் பார்த்தோம். கைகழுவும் இடத்தில் ஒரு குழாய் எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆறாம் வகுப்பில் நாங்கள் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதன் அடியில் பதினைந்து லிட்டர் வாளி ஒன்றை வைத்தோம். சனிக்கிழமை மாலை வந்து பார்த்தபோது அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுக் குழாய், ஒரு நாள், ஒரு குடம். தேய்ந்த வாஷர் ஒன்றை மாற்றியதும் நின்றுவிட்டது. ஐந்தாண்டுகளாக நாங்கள் யாரும் சொல்லாததே குறை. அடுத்து, மாலை மணி அடித்ததும் பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரைப் படியோரம் கொட்டிவிட்டு ஓடுவது நம் எல்லாருக்கும் பழக்கம். இப்போது மாதா கெபியருகே ஒரு பீப்பாய் வைத்திருக்கிறோம். அதில் சேரும் தண்ணீரே கெபியைச் சுற்றியுள்ள செடிகளுக்குப் போதுமானதாக இருக்கிறது. ஏழாம் வகுப்புச் சிறுமிகள் பீப்பாய்க்கு ஊற்றுவதற்காகவே தண்ணீர் குடிக்காமல் மிச்சம் வைக்கிறார்கள் என்று புகார் வந்திருக்கிறது. அதைக் கண்டித்துள்ளோம்.

ஊருக்கு நாங்கள் வைக்கும் வேண்டுகோள் பெரியதல்ல. குழாய் எத்தனை மணிக்கு வரும் என்பதைத் தெருவில் எழுதி வையுங்கள். தண்ணீர் குறைவாக இருக்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரலாம். அது ஆற்றின் நிலைமை, நாங்கள் அறிவோம். ஆனால் நேரம் தெரிந்தால் ஒரு பெண் அரை மணி நேரம் நிற்பாள். நேரம் தெரியாவிட்டால் விடியற்காலை முழுவதும் நிற்கிறாள். வால்வைத் திறப்பவரின் ஒரு சொல் ஒரு தெருவுக்கே நான்கு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அதோடு, முதியவர்களும் நோயாளிகளும் தனியே இருக்கும் வீடுகளுக்கு முதல் இரண்டு குடம் என்று தெருவே முறை வைத்துக்கொள்ளலாம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது நாங்கள் சிறுமிகள். மின்சாரம் இல்லை, நீரேற்றும் மோட்டார் இல்லை, குழாய் இல்லை. பல ஆண்டுகள் துருப்பிடித்துக் கிடந்த ஓர் அடிகுழாயைத் தெருவாரே பழுதுபார்த்து, யாரும் சொல்லாமலே பாட்டிமாருக்கு முதலில் அடித்துக் கொடுத்தார்கள். யார் வீட்டிலும் மோட்டார் ஓடாத நாட்கள் அவை. எல்லார் வீட்டிலும் ஒரே அளவு தண்ணீர் இருந்தது.

பள்ளியிடமும் ஒன்று கேட்டோம். தாமதப் பதிவேட்டில் 'குடிநீர்' என்று எழுதினால் அதை ஒரு காரணமாக ஏற்க வேண்டும். அதற்கு நிற்க வைத்தல் கூடாது. பொய்க் காரணம் பெருகிவிடும் என்று ஓர் ஆசிரியை தயங்கினார். தூங்கிவிட்டேன் என்பதுதான் இதுவரை எழுதிய பொய் என்று சொன்னோம். சகோதரி சற்று நேரம் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த பருவத்திலிருந்து ஆகட்டும் என்றார்.

எங்கள் தோழி தன் தெருவில் வால்வு திறக்க வருபவரிடம் நேரம் எழுதி வைக்கும்படி கேட்டிருக்கிறாள். "எழுதலாம்மா, எதில் எழுதுவது?" என்று அவர் கேட்டாராம். ஆய்வகத்தின் பின்னால் கிடந்த உடைந்த கரும்பலகையின் பாதியை எடுத்து, ஓவிய ஆசிரியை இப்போது அதற்குக் கறுப்பு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார். சாக்பீஸ் நாங்கள் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.